முன்கவை தாங்கும் சுமை

1913ஆம் ஆண்டு ஜூலை மாதம். பிரான்சில் நடைபெறும் 'டூர் டி பிரான்ஸ்' என்னும் புகழ்பெற்ற மிதிவண்டிப் பந்தயத்தின் ஆறாவது கட்டம் அன்று நடந்துகொண்டிருந்தது. பயோன் நகரிலிருந்து புறப்பட்ட வீரர்கள் பிரனீஸ் மலைத்தொடரைக் கடந்து லூஷோன் நகரை அடைய வேண்டும். மொத்தத் தொலைவு 326 கிலோமீட்டர். முன்னணியில் இருந்தவர்களுள் யூஜீன் கிறிஸ்டோஃப் என்பவரும் ஒருவர். 2115 மீட்டர் உயரமுள்ள துர்மலே கணவாயை ஏறிக் கடந்த அவர், மறுபக்கச் சரிவில் வேகமாக இறங்கினார். அக்காலத்தில் அந்த மலைப்பாதை தார் காணாத கற்பாதை. திடீரெனக் கைப்பிடி வழக்கம்போல் இல்லை என்பதை உணர்ந்த அவர், பிரேக்கைப் பிடித்து வண்டியை நிறுத்தினார். இறங்கிப் பார்த்தபோது, முன்சக்கரத்தைத் தாங்கும் கவை ஒடிந்திருந்தது.

வேறு வண்டியைப் பெற்றுக்கொள்ள அன்றைய விதிகள் இடமளிக்கவில்லை. பழுதானால் வீரரே அதைச் சரிசெய்ய வேண்டும். கிறிஸ்டோஃப் மிதிவண்டியைத் தோளில் சுமந்துகொண்டு பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் நடந்து, செயின்ட் மாரி டி கம்பான் என்னும் சிற்றூரை அடைந்தார். அங்கிருந்த கொல்லன் உலையில் இரும்பைக் காய்ச்சி, அடித்து, கவையைத் தம் கையாலேயே ஒட்டவைத்தார். பந்தய அதிகாரிகள் அருகில் நின்று கண்காணித்தனர். துருத்தியை ஊதி உதவியவன் ஒரு சிறுவன். அந்தச் சிறு உதவியும் விதிமீறல் என்று கருதப்பட்டு, அவருக்குத் தண்டனை நேரம் சேர்க்கப்பட்டது. மணிக்கணக்கில் நேரத்தை இழந்தபோதிலும் அவர் பந்தயத்தைக் கைவிடவில்லை. பாரிஸ் நகரை ஏழாவது இடத்தில் அடைந்தார்.

ஒரு மனிதரின் பல மாத உழைப்பை ஒரே நொடியில் வீணாக்கிய அந்தச் சிறு உறுப்பு, இன்று சாலையில் ஓடும் ஒவ்வொரு மிதிவண்டியிலும் இருக்கிறது. பள்ளிக்குச் செல்லும் மாணவர் பிரேக்கைப் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் அதுவே பெருஞ்சுமையைத் தாங்குகிறது. அது எப்படித் தாங்குகிறது? ஏன் சில வேளைகளில் தாங்க முடியாமல் ஒடிகிறது?

கவையின் அமைப்பு

மரக்கிளை இரண்டாகப் பிரியும் இடத்தைக் கவை என்பர். உண்டிவில் செய்யும் சிறுவர்கள் தேடுவது அத்தகைய கிளையைத்தான். அதைத் தலைகீழாகப் பிடித்தால் மிதிவண்டியின் முன்கவை போலவே தோன்றும். பழுதுபார்க்கும் கடைகளில் இதனை 'ஃபோர்க்' என்றே சொல்வார்கள்.

முன்கவைக்கு மூன்று பகுதிகள் உண்டு. சக்கரத்தின் இருபுறமும் இறங்கும் இரண்டு கால்கள் முதல் பகுதி. அவற்றின் நுனியில் உள்ள பிளவில் சக்கரத்தின் அச்சு பொருந்தும். இரண்டு கால்களும் சக்கரத்துக்கு மேலே ஒன்றுசேரும் இடம் கவையின் தோள். தோளிலிருந்து மேல்நோக்கிச் செல்லும் ஒற்றைக் குழாய் மூன்றாம் பகுதி. அது வண்டிச் சட்டத்தின் முன்குழாய்க்குள் நுழைந்து, மேலும் கீழும் உள்ள இரண்டு உருள்தாங்கிகளில் சுழல்கிறது. கைப்பிடி அதன் உச்சியில் பொருத்தப்படுகிறது. எனவே, ஓட்டுநர் வண்டியைத் திருப்புவதும் சாலையின் அதிர்வை உணர்வதும் இந்த ஒரே உறுப்பின் வழியாகத்தான்.

கவை செங்குத்தாக நிற்பதில்லை. அதன் கால்கள் முன்னோக்கிச் சற்றுச் சாய்ந்திருக்கும். பல வண்டிகளில் கால்களின் நுனி மேலும் முன்னோக்கி வளைந்திருப்பதையும் காணலாம். இந்தச் சாய்வும் வளைவும் அழகுக்காக அமைந்தவை அல்ல. வண்டி நேராக ஓடுவதற்கும் எளிதாகத் திரும்புவதற்கும் அவை தேவை. ஆனால், சாய்ந்து நிற்கும் தூணின்மீது பாரம் ஏற்றினால் அது வளையவே முயலும். ஓட்டுநர் வண்டியில் ஏறி அமர்ந்ததுமே கவையின் கால்கள் முன்னோக்கி மிகச் சிறிதளவு வளைகின்றன. இது கண்ணுக்குத் தெரியாத அளவு என்றாலும், கவையின் கதையில் முக்கியமான ஒன்று.

பிரேக்கைப் பிடிக்கும்போது

ஓடும் வண்டியை நிறுத்துவது என்றால், அதன் இயக்க ஆற்றலை வேறோர் ஆற்றலாக மாற்றுவது என்று பொருள். பிரேக் கட்டைகள் சக்கரத்தை இறுகப் பற்றும்போது உராய்வு உண்டாகி, இயக்க ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. நீண்ட சரிவில் இறங்கிய பிறகு சக்கரத்தின் விளிம்பு கையைச் சுடும் அளவுக்குச் சூடாவது இதனால்தான். அதே வேளையில், சக்கரம் தரையைத் தொடும் இடத்தில் சாலை சக்கரத்தைப் பின்னோக்கித் தள்ளுகிறது. வண்டியின் வேகத்தைக் குறைப்பது சாலை தரும் இந்த விசையே.

சக்கரம் பின்னோக்கித் தள்ளப்பட்டாலும் ஓட்டுநரின் உடல் முன்னோக்கிச் செல்லவே முயல்கிறது. பேருந்து சட்டென நிற்கும்போது பயணிகள் முன்னால் சாய்வதும் இதே நிலைமத்தால்தான். ஓட்டுநரின் புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து ஏறத்தாழ 1.1 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வேகத்தைக் குறைக்கும் விசையோ தரைமட்டத்தில் இருக்கிறது. இந்த உயர வேறுபாட்டால் வண்டி முழுவதும் முன்சக்கரத்தை மையமாகக் கொண்டு கவிழ முயல்கிறது. பாரம் பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரத்துக்கு மாறுகிறது.

ஒரு கணக்கைப் பார்த்தால் இது தெளிவாகும். ஓட்டுநரும் வண்டியும் சேர்ந்து 75 கிலோகிராம் என்று கொள்வோம். இதன் எடை ஏறத்தாழ 750 நியூட்டன். சாதாரணமாக ஓட்டும்போது முன்சக்கரம் 300 நியூட்டனையும் பின்சக்கரம் 450 நியூட்டனையும் தாங்குகின்றன. ஓட்டுநர் முன் பிரேக்கை வலுவாகப் பிடித்து, நொடிக்கு நொடி 5 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைக்கிறார். இதற்குத் தேவையான விசை 375 நியூட்டன். இரு சக்கரங்களுக்கும் இடையே 1 மீட்டர் இடைவெளி இருந்தால், ஏறத்தாழ 410 நியூட்டன் பாரம் பின்னாலிருந்து முன்னால் மாறிவிடும். முன்சக்கரத்தின்மீது 710 நியூட்டன். பின்சக்கரத்தின்மீது வெறும் 40 நியூட்டன். இன்னும் சற்றுக் கூடுதலாகப் பிடித்தால் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பிவிடும்.

முன் பிரேக் ஆபத்தானது, பின் பிரேக் மட்டுமே பாதுகாப்பானது என்று பலர் கருதுவதற்கு இந்த அச்சமே காரணம். ஆனால், பின் பிரேக்கை மட்டும் பிடித்தால் என்ன நேரும்? வேகம் குறையத் தொடங்கியதும் பின்சக்கரத்தின்மீதுள்ள பாரம் குறைகிறது. பாரம் குறைந்தால் உராய்வும் குறைகிறது. சக்கரம் சுழல்வதை நிறுத்திவிட்டு வழுக்கத் தொடங்குகிறது. உலர்ந்த சாலையில்கூட முன் பிரேக்கால் கிடைப்பதில் ஏறக்குறைய பாதி அளவே பின் பிரேக்கால் வேகத்தைக் குறைக்க முடியும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, மேற்சொன்ன அளவில் முன் பிரேக்கைப் பிடித்தால் சுமார் 5 மீட்டரில் நிற்கும். பின் பிரேக்கை மட்டும் நம்பினால் சுமார் 10 மீட்டர் தேவைப்படும். அந்த ஐந்து மீட்டர் வேறுபாட்டுக்குள் ஒரு குழந்தையோ ஒரு காரோ குறுக்கிட்டால் விளைவு வேறாகிவிடும்.

ஆகவே, வண்டியை நிறுத்தும் பொறுப்பில் பெரும்பங்கு முன்சக்கரத்துக்கு உரியது. அந்தச் சக்கரத்தைப் பிடித்திருக்கும் முன்கவையே அதன் சுமையையும் ஏற்கிறது.

இரு மடங்காகும் விசை

சாலை தரும் 375 நியூட்டன் விசை மட்டுமே கவையின் நுனியைத் தாக்குகிறது என்று தோன்றலாம். உண்மை அதுவன்று. சக்கரத்தின் விளிம்பைப் பற்றும் பிரேக்கை எடுத்துக்கொள்வோம். சக்கரத்தின் அடிப்பகுதியைச் சாலை பின்னோக்கித் தள்ளுகிறது. மேற்பகுதியில், முன்னோக்கி நகரும் விளிம்பைப் பிரேக் கட்டைகள் ஏறத்தாழ அதே அளவு விசையோடு பின்னோக்கி இழுத்துப் பிடிக்கின்றன. மேலேயும் கீழேயும் ஒரே திசையில் இரண்டு விசைகள். நடுவில் இருப்பது அச்சு. இரண்டின் கூட்டுத்தொகையும் அச்சின்மீதே விழுகிறது. எனவே, கவையின் நுனியைப் பின்னோக்கி வளைக்கும் விசை 375 நியூட்டன் அன்று. ஏறக்குறைய 750 நியூட்டன்.

கவையின் கால் ஒரு நெம்புகோல். அதன் நுனிக்கும் தோளுக்கும் இடையே ஏறத்தாழ 37 சென்டிமீட்டர் இருக்கும். அதன் முனையில் 75 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் தொங்கினால் எத்தகைய வளைவு விசை உண்டாகுமோ, அதற்கு ஒப்பான விசை பிரேக் பிடிக்கும் கணத்தில் தோளில் உண்டாகிறது. ஓட்டுநரின் பாரம் கவையை முன்னோக்கி வளைப்பதால் இதன் ஒரு பகுதி ஈடாகிவிடுகிறது. எனினும், எஞ்சியிருப்பதும் சிறிதன்று. சாலையில் ஒரு குழி குறுக்கிட்டால் அந்த அதிர்ச்சியும் இதனோடு சேரும்.

நுனியில் மிகக் குறைவாக இருக்கும் வளைவு விசை, மேலே செல்லச் செல்லக் கூடித் தோளின் அருகில் உச்சத்தை அடைகிறது. அதனால்தான் கவையின் கால்கள் நுனியில் மெலிந்தும் தோளில் பருத்தும் செய்யப்படுகின்றன. தென்னை ஓலையின் மட்டை அடியில் பருத்தும் நுனியில் மெலிந்தும் இருப்பது போன்றதே இது. தோளுக்கு மேலுள்ள குழாயும் கீழ்ப்பகுதியில் தடிப்பாகச் செய்யப்படுகிறது. இக்காலத்து வண்டிகள் பலவற்றில் அக்குழாய் மேலே சிறுத்தும் கீழே அகன்றும் இருக்கும்.

குழாயின் அகலத்துக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? சுவரின் தடிப்பை மாற்றாமல் மெல்லிய குழாயின் விட்டத்தை இரு மடங்காக்கினால், அதன் எடை இரு மடங்காகும். வளைவைத் தாங்கும் வலிமையோ நான்கு மடங்காகும். மூங்கில் உள்ளீடற்று இருந்தும் காற்றுக்கு ஈடுகொடுத்து நிற்பதன் இரகசியமும் இதுவே. வளைவு விசை குழாயின் ஓரங்களில்தான் மிகுதி. நடுவில் பொருள் இருப்பதால் பயன் குறைவு.

உலோகத்துக்கும் சோர்வு உண்டு

ஒரே முறை பிரேக் பிடிப்பதால் நல்ல கவை ஒடிந்துவிடுவதில்லை. ஆனால், ஒரு மெல்லிய கம்பியை முன்னும் பின்னும் பலமுறை வளைத்துப் பார்த்தவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். முதல் வளைவில் ஒடியாத கம்பி, இருபதாவது வளைவில் ஒடிந்துவிடும். கவைக்கும் ஏறக்குறைய இதுவே நிகழ்கிறது. வண்டி ஓடும்போது பாரத்தால் முன்னோக்கி வளைகிறது. பிரேக் பிடிக்கும்போது பின்னோக்கி வளைகிறது. சாலையின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் அதனை மீண்டும் மீண்டும் அசைக்கின்றன. சிறு கீறலோ துருவோ குறையான பற்றவைப்போ உள்ள இடத்தில் முதலில் ஒரு நுண்ணிய வெடிப்பு தோன்றுகிறது. ஒவ்வொரு அசைவிலும் அது மிகச் சிறிதளவு வளர்கிறது. எஞ்சிய பகுதி சுமையைத் தாங்க முடியாத நிலை வரும்போது கவை சட்டென ஒடிகிறது. பொறியாளர்கள் இதனை உலோகச் சோர்வு என்று அழைக்கின்றனர். ஒடிந்த நாளில் நடந்த நிகழ்வு கடைசி அடி மட்டுமே. அழிவு அதற்கு நெடுநாள் முன்பே தொடங்கியிருக்கும்.

கவை செய்யப்படும் பொருளுக்கேற்ப இச்சோர்வின் தன்மையும் மாறுகிறது. எஃகுக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குக் கீழே உள்ள விசை எத்தனை முறை வந்தாலும் எஃகு தாங்கிக்கொள்ளும். மிகையான சுமை வந்தால் அது பெரும்பாலும் முதலில் வளைந்து எச்சரிக்கை தரும். அலுமினியம் எடை குறைந்தது. ஆனால் அதற்கு அத்தகைய தெளிவான எல்லை இல்லை. சிறிய விசையும் நெடுங்காலம் தொடர்ந்தால் அதனைச் சோர்வடையச் செய்யும். ஆகவே, அலுமினியக் குழாய்களைத் தேவைக்கு மேல் பருமனாகச் செய்து, விசையைக் குறைவாக வைத்துக்கொள்கிறார்கள். கரிம இழை இவ்விரண்டையும்விட இலகுவானது. சரியாகச் செய்யப்பட்டால் மிக வலிமையானது. ஆயினும் பலத்த அடி பட்டால் அதன் உள் அடுக்குகள் பிரிந்துபோகக்கூடும். வெளியே பூச்சு பளபளப்பாகவே இருக்கும். பிறகொரு நாள் அது வளையாமலேயே முறியும்.

தட்டு பிரேக்கின் சவால்

இக்காலத்தில் பல மிதிவண்டிகளில் தட்டு பிரேக் பொருத்தப்படுகிறது. சக்கரத்தின் நடுவில் உள்ள எஃகுத் தட்டைக் கட்டைகள் பற்றுவதால், மழையில் நனைந்த விளிம்பைப் போல் அது அவ்வளவாக வழுக்குவதில்லை. ஆனால், தட்டு சிறியது. 16 சென்டிமீட்டர் விட்டமுள்ள தட்டின் ஓரத்தைப் பிடித்துப் பெரிய சக்கரத்தை நிறுத்த வேண்டுமானால், விசையும் அதற்கேற்பப் பெருக வேண்டும். சாலையில் 375 நியூட்டன் விசையை உண்டாக்கத் தட்டில் ஏறத்தாழ 1700 நியூட்டன் தேவைப்படுகிறது. இவ்வளவும் இடப்பக்கக் காலின் கீழ்ப்பகுதியில் மட்டுமே விழுகிறது.

அதனால், விளிம்பு பிரேக்குக்காகச் செய்த மெலிந்த கவையில் தட்டு பிரேக்கைப் பற்றவைத்துப் பொருத்துவது ஆபத்தான செயல். மேலும், பிடிப்பான் காலின் பின்புறத்தில் இருக்கும் வழக்கமான அமைப்பில், பிரேக் பிடிக்கும்போது சக்கரத்தின் அச்சு பிளவிலிருந்து கீழ்நோக்கி வெளியே தள்ளப்படுகிறது. அச்சு நன்றாக இறுக்கப்படாவிட்டால் சக்கரமே கழன்றுவிடும். இக்குறையை நீக்கவே, திறந்த பிளவுக்குப் பதிலாக மூடிய துளைகளின் ஊடே செல்லும் தடித்த அச்சு பல வண்டிகளில் பயன்படுத்தப்படுகிறது.

சோதனைக்கூடத்தில் கவை

இன்றைய கவைகள் சாலைக்கு வருமுன் சோதனைக்கூடத்தைக் கடக்க வேண்டும். மிதிவண்டிப் பாதுகாப்புக்கான அனைத்துலகத் தர விதி ஐ.எஸ்.ஓ. 4210 எனப்படும். அதன்படி, கவையின் குழாயை அசையாமல் பிடித்துக்கொண்டு, அச்சு இருக்கும் இடத்தில் எந்திரம் அதனை முன்னும் பின்னும் வளைக்கிறது. ஒரு முறை, இரு முறை அன்று, 100,000 முறை. அதன் பிறகும் எங்கும் வெடிப்பு காணக்கூடாது. 22.5 கிலோகிராம் எடையை அதன்மீது விழச்செய்யும் அதிர்ச்சிச் சோதனையும் உண்டு. ஆண்டுக்கணக்கில் சாலை செய்யும் வேலையை எந்திரம் சில நாள்களில் செய்து பார்த்துவிடுகிறது.

ஓட்டுநரின் கடமை

தரமான கவை இருந்தாலும், ஓட்டுநரின் கவனம் இல்லையேல் பயனில்லை. பிரேக்கைத் திடீரெனப் பிடிக்காமல், இரண்டு பிரேக்குகளையும் சீராக அழுத்த வேண்டும். அப்போது கைகளை நேராக ஊன்றி, உடலைச் சற்றுப் பின்னால் தாழ்த்திக்கொண்டால் பின்சக்கரம் எளிதில் எழும்பாது. பின்சக்கரம் வழுக்குவதை உணர்ந்தால், அது பாரம் முன்னால் சென்றுவிட்டதற்கான அறிகுறி. முன் பிரேக்கைச் சிறிது தளர்த்த வேண்டும். மழைக்காலத்தில் வேகத்தை முன்கூட்டியே குறைத்துக்கொள்வது நல்லது. வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக் பிடிப்பதைவிட, நுழையுமுன் பிடிப்பதே பாதுகாப்பு.

வாரம் ஒரு முறை சில நிமிடங்கள் ஒதுக்கி வண்டியைத் துடைத்துப் பார்ப்பது இன்னொரு நல்ல பழக்கம். கவையின் தோள், பற்றவைத்த இடங்கள், அச்சு பொருந்தும் பிளவு ஆகியவற்றில் மெல்லிய கோடோ, பூச்சு சுருங்கிய தடமோ, துருவோ தெரிகிறதா என்று கவனிக்க வேண்டும். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்கலாம். 'டக் டக்' என்ற ஆட்டம் இருந்தால் உருள்தாங்கி தளர்ந்திருக்கிறது என்று பொருள். வண்டி எங்காவது மோதியிருந்தால் கவையைப் பழுதுபார்ப்பவரிடம் காட்டாமல் ஓட்டக்கூடாது. வளைந்த கவையை அடித்து நிமிர்த்திப் பயன்படுத்துவது, ஒடியப்போகும் கம்பியை இன்னொரு முறை வளைப்பதற்குச் சமம்.

மலேசியாவில் பதின்ம வயதினர் சிலர், பிரேக்கைக் கழற்றிவிட்டு மாற்றியமைத்த மிதிவண்டிகளை இரவு நேரச் சாலைகளில் விரைந்தோட்டுகின்றனர். 'பாசிகால் லாஜாக்' என்று அழைக்கப்படும் இவ்வண்டிகள் உயிர்களைப் பறித்திருக்கின்றன. 2017ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஜொகூர் பாருவில் இத்தகைய வண்டிகளை ஓட்டிய கூட்டத்தின்மீது கார் மோதியதில் 8 பதின்ம வயதினர் மாண்டனர். சிங்கப்பூரில் 2021ஆம் ஆண்டு முதல், பொது இடங்களில் ஓட்டப்படும் மிதிவண்டியில் இயங்கும் கைப்பிரேக் ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது சட்டமாகியுள்ளது. பிரேக் இல்லாத வண்டியில் கவையின் வலிமையால் என்ன பயன்? கவை தளர்ந்த வண்டியில் பிரேக்கின் கூர்மையால்தான் என்ன பயன்? இரண்டும் ஒன்றையொன்று நம்பியே இயங்குகின்றன.

கிறிஸ்டோஃபின் கதை 1913ஆம் ஆண்டோடு முடியவில்லை. 1919ஆம் ஆண்டில், பந்தயத்தில் முதலிடம் வகிப்பவருக்கு மஞ்சள் சட்டை அணிவிக்கும் வழக்கம் தொடங்கியது. அதனை முதன்முதலில் அணிந்தவர் அவரே. வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது, இறுதிக்கு முந்தைய கட்டத்தில் அவருடைய முன்கவை மீண்டும் ஒடிந்தது. அவர் மூன்றாம் இடத்தைப் பெற்றார். 1922ஆம் ஆண்டில் மூன்றாவது முறையாகவும் அதுவே நேர்ந்தது. அவர் ஒருபோதும் அப்பந்தயத்தை வெல்லவில்லை. ஆயினும், அவர் கவையை ஒட்டவைத்த சிற்றூரில் அவருக்கு நினைவுச் சின்னம் உண்டு. அவருக்குக் கிடைக்காத ஒன்று இன்றைய ஓட்டுநருக்குக் கிடைத்திருக்கிறது. அது, உலோகம் ஏன் ஒடிகிறது என்னும் அறிவு. அந்த அறிவைக் கொண்டு, வெடிப்பு சிறிதாக இருக்கும்போதே அதனைக் கண்டுபிடிப்பவர் நடந்து செல்ல வேண்டியதில்லை.